செம்புக் கீறல்

போன வருசம் நவம்பரில் காயப்படுத்தித் தொலைத்த மான் புருசன் நிசாந்தனின் நித்திரைக்குள் வந்துபோவதை யோகமலர் காலைத் தேத்தண்ணியோடு கேட்டுக்கொள்வாள். அது பாய்ந்து ஓடுவதில்லையாம். இரத்தமும் இல்லையாம். ரெக்ஸ்டேலில் இருக்கும் அவர்களுடைய வீட்டின் பின்வேலியோரம் வந்து நின்று, எதையோ வைத்த இடம் மறந்துபோன ஆளைப்போல மெல்லத் திரும்பித் திரும்பிப் பார்க்குமாம். அதை அவன் வேறு யாருக்கோ நடந்த விசயம்போலச் சொல்லுவான். சொல்லி முடித்ததும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஓட்டப் புறப்பட்டுவிடுவான்.

கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த மான் பழகிவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் ஹம்பர் ஆற்றங்கரை மரங்களுக்குள் பனிப்புகார் இறங்கி நிற்கும் காலைகளில், அதற்குள் ஒரு நீளக் கழுத்து அசைவதுபோலத் தோன்றும். காரின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பாள். ஒன்றும் இருக்காது. புகார் மட்டும் ஆற்றின் மேல் அப்படியே கிடக்கும்.

நிசாந்தனும் சீமோனும் பத்து வருசமாகச் சேர்ந்து வேட்டைக்குப் போகிறவர்கள். சீமோன் மிசிசாகாவில் இருக்கிறான், விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. இருவரும் ஒன்றாகப் படித்து ஒரே நாளில் வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்கள். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு கிழமை லீவு போட்டுக்கொண்டு வடக்கே பரி சவுண்ட் என்ற ஊருக்கு மேலே ஒரு மரக்குடிலுக்குப் போவார்கள். யோகமலர் போனதில்லை. யாழ்ப்பாணத்தில் பதினேழு வயதுவரை கேட்ட வெடிச்சத்தமே தன் ஆயுளுக்குப் போதும் என்று அவள் முதல் வருசமே சொல்லிவிட்டாள். துப்பாக்கி நிலக்கீழ் அறையில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பூட்டின் திறப்பு அவனிடம். அந்தப் பெட்டியின் நிறம் என்னவென்று கேட்டால்கூட அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மூன்று பனிக்காலத்துக்கு முன் நிசாந்தன் ஐஸில் வழுக்கி விழுந்ததில் அவனுடைய வலது தோளில் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு துப்பாக்கி உதைக்கும் உதையைத் தோள் தாங்கவில்லை. போன வருச வேட்டைக்கு முன் சீமோன் ஒரு மசில் பிரேக் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்தான். குழலின் நுனியில் திருகிப் பூட்டுகிற விரல் நீள உருக்குத் துண்டு அது. நடுவில் குண்டு போக ஓர் ஓட்டை, பக்கங்களில் வரிசையாகப் பிளவுகள். குண்டுக்குப் பின்னால் சீறிவரும் காற்றை அந்தப் பிளவுகள் இரு பக்கமும் திருப்பிவிடும், தோளில் இடிக்கிற இடி பாதியாகும். தனக்குத் தெரிந்த யாரோ ஒருவரைக் கொண்டு நிசாந்தனின் துப்பாக்கிக்கு அளவாகக் கடைவித்ததாகச் சீமோன் பெருமையாகச் சொன்னான்.

அந்த நவம்பரில்தான் அது நடந்தது. எண்பது அடித் தூரத்துக்குள், பக்கவாட்டாக அசையாமல் நின்ற மான். சின்னப் பிள்ளை சுட்டாலும் தவறாது என்று நிசாந்தனே சொன்னான். ஆனால் குண்டு நெஞ்சில் படாமல் பின்னால் வயிற்றில் பட்டது. சேற்று நிலத்தின் ஊடாக இரண்டு நாள் இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தார்கள். மூன்றாம் நாள் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கை நடுங்கிவிட்டது என்று அவன் முடிவுகட்டினான். வேட்டைக்கு முன், சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் சுட்டுப் பார்த்தபோதும் குண்டுகள் அங்குமிங்கும்தான் பட்டிருந்தன. அப்போது தோள் நோவினால்தான் என்று விட்டுவிட்டானாம். டிசம்பரில் அந்தத் துப்பாக்கியை விற்றான். பிறகு கையைப் பார்க்கத் தொடங்கினான். பஸ் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்ரியறிங்கில் இருக்கிற தன் விரல்களைப் பார்ப்பானாம். டொக்டரிடம் போனான். நரம்புச் சோதனைகள் செய்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். அவன் நம்பவில்லை. ஐம்பது சனம் ஏறுகிற பஸ், கை பிசகினால் என்ன செய்வது, ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு டிப்போவில் ஏதாவது வேலை கேட்கட்டுமா என்று ஓகஸ்ற்றில் ஒருநாள் அவளிடம் கேட்டான். அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள். அது மரக்கட்டைபோல அசையாமல்தான் கிடந்தது.

ஒக்ரோபரில் சீமோன் விடாமல் நச்சரித்து அவனை மறுபடியும் இழுத்துவிட்டான். நிசாந்தன் ஒரு பழைய த்ரீ-ஓ-எய்ற் வாங்கினான். முந்தியதைவிடப் பெரிய குண்டு போடுகிற துப்பாக்கி. இனி ஒரு மிருகம் காயத்தோடு ஓடக்கூடாது என்பதுதான் அவன் எண்ணம். விற்கும்போது கழற்றி வைத்திருந்த பிரேக்கின் திருகுப் புரி புதுக் குழலுக்கும் பொருந்தியது. ஆனால் நடு ஓட்டை சிறிது. அப்படியே சுட்டால் குண்டு பிரேக்கையே கிழித்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை அவன் அந்தத் துண்டைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். யோகமலர் பத்தொன்பது வருசமாக லேத்தில், இரும்பு கடைகிற மெசினில், வேலை செய்கிறவள். ரெக்ஸ்டேலில் பம்புகளுக்கு உதிரிப்பாகம் செய்கிற சின்ன ஷொப் ஒன்றில், முடியளவும் பிசகக் கூடாத வேலைகளெல்லாம் அவளிடம்தான் வரும். அப்படியிருந்தும் துப்பாக்கி சம்பந்தமாக ஒரு திருகாணிகூட அவன் அவளிடம் கேட்டதில்லை.

"மலர், உமக்கு இது விருப்பமில்லையெண்டால் நான் வேற இடம் பாக்கிறன்," என்றான்.

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். எண்ணெய் மணந்தது. அவளுடைய கையில் நாள்தோறும் புரளுகிற நூறு சாமான்களில் ஒன்றைப்போலத்தான் இருந்தது. அதைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்று யோசித்தாள், காரணம் எதுவும் தென்படவில்லை. சனிக்கிழமை கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை மத்தியானத்தோடு ஷொப்பில் வேலை முடிந்துவிடும். முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டிருந்தாள். அவர் துண்டை உருட்டிப் பார்த்துவிட்டு, மெசினைத் துடைத்துவிட்டுப் போனால் சரி என்றார். எல்லாரும் போனபின் பெரிய மெசின்கள் ஒவ்வொன்றாக அடங்கி, கூரைக்குக் கீழிருந்த நீளக் கண்ணாடிகளால் வெயில் சரிந்து விழுந்தது. எண்ணெய்ப்புகை அந்த வெளிச்சத்தில் மிதந்தது. தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல அவளுக்கு இருந்தது. இந்த அரைமணி நேரங்களை அவள் யாருக்கும் சொல்லாமல் விரும்பியிருந்தாள்.

முதலில் ஒரு கம்பியின் நுனியில் குழலில் இருக்கிற அதே புரியை வெட்டினாள். பிரேக்கை அதில் திருகினாள். குழலில் அது எப்படி உட்காருமோ அப்படியே இப்போது லேத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு ஓட்டைக்குள் அளவு காட்டும் டயலின் முனையை மெல்ல வைத்து, கம்பியைக் கவ்வியிருந்த 'சக்' என்ற பிடியைக் கையால் சுற்றினாள். ஓட்டை நடுவில் இருந்தால் டயலின் ஊசி நின்ற இடத்தில் நிற்கும்.

ஊசி நிற்கவில்லை. ஒரு பக்கம் போய், தயங்கி, மறுபக்கம் வந்தது. இருபத்தாறு கோடு.

தூசி என்று நினைத்தாள். கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினாள். இருபத்தாறு. புரியை இன்னொரு தரம் சரிபார்த்தாள். அதே இருபத்தாறு. அப்படியென்றால் ஓட்டை நடுவை விட்டு அதில் பாதி, பதின்மூன்று தௌ விலகியிருக்கிறது. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதின்மூன்று. மூன்று நான்கு தலைமயிரை அடுக்கினால் வருகிற தடிப்பு. பழைய குண்டுக்கும் ஓட்டையின் சுவருக்கும் இடையே விடப்பட்டிருந்த இடைவெளியே அதைவிடக் குறைவு.

சின்ன ரோச்சை எடுத்து உள்ளே வெளிச்சம் அடித்தாள். புகைக்கரி படிந்த கறுத்த சுவரில், ஒரு பக்கத்தில் மட்டும், நீளமாகச் செம்பு நிறத்தில் ஒரு கீறல் மின்னியது. குண்டின் மேல்தோல் செம்பு. வெளியே போகிறபோது ஒவ்வொரு குண்டும் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போயிருக்கிறது. உரசிய குண்டு நேராகப் போகாது.

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருசம் அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது இதற்காகத்தானா என்று நினைத்தாள். வேறொன்றும் தெரிந்தது. புதுக் குண்டுக்கு வேண்டிய அளவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கினால், அந்தப் பெரிய வட்டம் பழைய பிழையான வட்டத்தை முழுதாக விழுங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு தௌ மிச்சம் வைத்து விழுங்கும். அதோடு செம்புக் கீறலும் சீவலாகப் போய்விடும். அதற்குப் பிறகு அவள் வாயால் சொல்வதைத் தவிர ஒரு சாட்சியும் இருக்காது. மனுசி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவன் நினைக்கக்கூடும். சொன்னாலோ, பிழை சீமோன் கொடுத்த பரிசில் போய் நிற்கும்.

கையைத் துடைத்துக்கொண்டு போன் எடுத்தாள்.

"ஷொப்புக்கு ஒருக்கா வாறீங்களோ? அவசரமில்லை. ஆனா வாங்கோ."

அவன் பத்து நிமிசத்தில் வந்தான். அவள் விளக்கம் சொல்லவில்லை. அந்தப் பிடியை அவன் கையில் பிடித்துக் கொடுத்து, மெதுவாகச் சுற்றச் சொன்னாள். அவன் சுற்றினான். ஊசி போனது, வந்தது. நல்ல வேலையென்றால் அந்த ஊசி அசையக் கூடாது என்று மட்டும் சொன்னாள். பிறகு ரோச்சைக் கொடுத்தாள். அவன் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான். வெயில் மெசினிலிருந்து இறங்கித் தரைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்ததுபோல அவளுக்குப் பட்டது.

"உரசியிருக்கு," என்றான்.

"ஓம். ஒவ்வொரு முறையும்."

"அப்ப என்ரை கை இல்லை."

"உங்கடை கை இல்லை."

அவன் சந்தோசப்படுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் லேத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மானுக்கு இதெல்லாம் தெரியாது என்றான் கடைசியில். பிறகு, நீர் வெட்டும் என்றான். சீமோனுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். அவன் அன்பாகத் தந்த சாமான், கேட்டால் உடைந்துபோவான்.

அவள் மெசினைப் போட்டாள். துளைபோடும் அலகை விட்டால் அது பழைய ஓட்டையின் பின்னாலேயே போகும் என்பதால், ஒற்றை முனைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தாள். முதல் சில தரம் கத்தி ஒரு பக்கத்தை மட்டும் தொட்டு, மறுபக்கத்தில் காற்றை வெட்டியது. டிக், டிக் என்று ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம். போகப் போக அந்தச் சத்தம் நீண்டது. கடைசித் தரத்தில் இடைவெளியே இல்லாமல் ஒரே இழையாக, தூரத்தில் யாரோ முனகுவதுபோலக் கேட்டது. சுருள் சுருளாக விழுந்த சீவலில் ஒன்று மட்டும் சிவந்திருந்தது. நிசாந்தன் அதைக் குனிந்து எடுத்தான். விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாச் சீவலும் போகிற பீப்பாவில் போட்டான்.

மறுநாள் ஞாயிறு, சீமோனையும் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போனார்கள். தானும் வருவதாக யோகமலர் சொன்னபோது அவன் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். தன் கையால் கடைந்த ஓட்டையால் குண்டு வெளியே போகிறது, அதைப் பார்க்காமல் வீட்டில் இருக்க அவளுக்கு முடியவில்லை. நகரத்துக்கு வடக்கே, சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவில் நீண்ட தகரக்கூரை, அதன் கீழே வரிசையாக மேசைகள். புகார் விலகவில்லை. நூறு மீற்றரில் இருந்த இலக்குக் காகிதம் வெள்ளையாக அந்தரத்தில் தொங்குவதுபோலத் தெரிந்தது. சீமோன் தூரக்கண்ணாடியோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்தான். அவள் காதுமூடியைப் போட்டுக்கொண்டு சரியாகப் பின்னால் நின்றாள்.

நிசாந்தன் சுட்டான். அவள் பயந்திருந்த சத்தம் அதுவல்ல. ஒரு பெரிய கதவு எங்கோ சாத்தப்பட்டதுபோல உடம்பில் பட்டு, வயலுக்கு மேலே விரிந்து, புகாருக்குள் கரைந்துபோனது. துப்பாக்கி அவன் தோளைத் தள்ளியது, அவ்வளவுதான், இடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த சீமோனுக்குத்தான் பலன். பிளவுகளால் வந்த காற்று அவனுடைய தொப்பியைத் தூக்கி, கோப்பிக் கோப்பையை மேசையில் சரித்தது. அவன் சிரித்தபடி துடைத்தான்.

மூன்று குண்டுகள். சுடுவதை நிறுத்தும் மணி அடித்ததும் நிசாந்தன் காகிதத்தைப் பார்க்க நடந்து போனான். சீமோன் தூரக்கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மூன்று துளைகளையும் ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றியால் மூடிவிடலாம் என்று அவளுக்குச் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை. அவள் காதுமூடியைக் கழற்றினாள்.

"மலர், பழைய ஓட்டை நடுவில இல்லைத்தானே?"

கேட்டது சீமோன். அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். போன டிசம்பரில், விற்பதற்கு முன் பிரேக்கைக் கழற்றிக் கொடுத்தவன் அவன்தான். அப்போதே உள்ளே ஒரு கீறலைக் கண்டிருக்கிறான். என்னவென்று நிச்சயமாகத் தெரியவில்லை, ஆனால் சந்தேகம் வந்திருக்கிறது.

"அண்டைக்கே கேட்டிருக்கோணும். பிறகு கேப்பம் எண்டு விட்டன். ஒரு கிழமை போச்சு, ஒரு மாசம் போச்சு. அவன் டொக்டரிட்டைப் போறன் எண்ட நேரம் எனக்கு வாய் வரேல்லை. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

யோகமலருக்குக் கோபம் கொதித்துவந்தது. ஓகஸ்ற்றில் தன் மடியில் கிடந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. ஆனால் எதிரில் இருந்த ஆள் கோப்பி துடைத்த ஈரக் கடதாசியைக் கையில் கசக்கிக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருக்கிறவன்போல உட்கார்ந்திருந்தான்.

"அவருக்குத் தெரியும், சீமோன் அண்ணை. நேற்றே காட்டிப்போட்டன். உங்களுக்குச் சொல்ல வேண்டாம், நீங்கள் உடைஞ்சு போவியள் எண்டு சொன்னவர்."

சீமோன் எழுந்து, வயலுக்குள் இறங்கி நடந்தான். புகாருக்குள் இரண்டு செம்மஞ்சள் அங்கிகள் மட்டும் தெரிந்தன. ஒன்று இலக்குப் பலகையோடு, மற்றது கொஞ்சம் தள்ளி. ஒரு சொல்லும் இங்கே எட்டவில்லை. தள்ளி நின்றவனின் கைகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. பலகையோடு நின்றவன் காகிதத்தை மெல்லக் கழற்றி, நான்காக மடித்தான். பிறகு இரண்டு பேரும் சும்மா நின்றார்கள். ரேஞ்ச் பொறுப்பாளர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவர்கள் வரவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு, என்ன நினைத்தாரோ, தன் பாட்டில் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே காரில் வந்தார்கள். சீமோன் தன் காரை விட்டிருந்த இடத்தில் இறங்கி, வாறன் என்று மட்டும் சொல்லிப் போனான்.

பிரேக்கைப் பற்றித் தனக்கு ஒரு கோபமும் இல்லை என்று அன்று பின்னேரம் நிசாந்தன் சொன்னான். யாரோ அவசரத்தில் செய்த வேலை. ஆனால் சீமோன் தெரிந்தும் வாய் திறக்காமல் விட்ட அந்த ஒரு வருசத்தை அவனால் விழுங்க முடியவில்லை. அதிலிருந்து பத்து நாள் சீமோனுக்குப் போன் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. பதினோராம் நாள் சீமோனின் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவன் உள்ளே வரவில்லை. நிசாந்தன் வெளியே போய், இரண்டு பேரும் காரில் சாய்ந்தபடி குளிருக்குள் அரைமணி நேரம் நின்றார்கள். யோகமலர் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கடைசியில் நிசாந்தன் சீமோனின் தோளில் ஒரு தள்ளுத் தள்ளினான். கொஞ்சம் பலமாகவே தள்ளினான். உள்ளே வந்து, சனிக்கிழமை விடியப் புறப்படுகிறோம் என்றான்.

தானும் வருவதாக அவள் சொன்னாள். இந்த முறை அவன் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

குடிலுக்குப் பின்னால் இருந்த சதுப்பில் உறைபனி பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக வெள்ளை பூசியதுபோல நின்றது. அவள் நிசாந்தனுக்குப் பின்னால், மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கால் விரல்கள் மரத்துப்போயின. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்தும் வராமல் தரையிலிருந்தே எழும்புவதுபோல இருந்தது. தூங்கிவிட்டேனோ என்று நினைத்த நேரத்தில், நாணல்களுக்கு நடுவில் ஏற்கெனவே ஒரு மான் நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு வெண்மையாக அதன் மூக்கிலிருந்து போனது.

அவன் அவசரப்படவில்லை. சத்தம் வந்தபோது மான் நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடிந்து விழுந்தது. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அப்படியிருந்தும் அவன் கனநேரம் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்து போனான். பக்கத்தில் முழங்காலிட்டு, அதன் கழுத்தில் கையை வைத்தான். அவள் கிட்டப் போகவில்லை. அவனுடைய தோள்கள் குலுங்குவது தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பி மரங்களைப் பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. அது துக்கமா நிம்மதியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மற்றப் பக்கத்திலிருந்து சீமோன் கயிறோடு வந்தான். நிசாந்தனின் தோளுக்கு இழுக்க முடியாது, இழுப்பது முழுக்க அவன்தான் என்று யாரும் சொல்லாமலே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். சதுப்பின் நடுவில் ஐஸ் உடைந்து முழங்கால்வரை இறங்கினான். நிசாந்தன் கைகொடுத்து இழுத்தான், அவனும் சேர்ந்து விழப்பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்தபடி ஆடிக்கொண்டு நின்றார்கள். அந்த வருசத்தில் நிசாந்தன் சத்தமாகச் சிரித்ததை அவள் அப்போதுதான் கேட்டாள்.

பின்னேரம் நெடுஞ்சாலை நானூறில் தெற்கே திரும்பியபோது பனி தூறத் தொடங்கியது. பாரி நகரம் கடந்ததும் அது பெரிய பெரிய இதழ்களாக விழுந்து, வைப்பர் தள்ளத் தள்ளக் கண்ணாடியில் வந்து அமர்ந்தது. நிசாந்தன் காரை ஓட்டினான். வழியில் கோப்பிக்கு நிறுத்துவோமா என்று கேட்டான். பின்னால் இருந்து பதில் வரவில்லை. யோகமலர் திரும்பிப் பார்த்தாள். சீமோனின் சப்பாத்து ஹீற்றருக்கு முன்னால் காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய ஊதாநிறக் கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொண்டு, கால்களை இருக்கையில் மடக்கி, அவன் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம், நேரே போவோம் என்று அவள் சொன்னாள்.